'வல்ஹஸ்': ஒரு பழைய ஜேர்மானியச் சொல்லின் சமூக வரலாறு

சொல்லொன்றின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் அதன் மூலத்தைக் கண்டறிவதோடு அமைந்துவிடுவர். வேர் யாது, எம்மொழியிலிருந்து வந்தது, ஒலிகள் எவ்விதிப்படி திரிந்தன என்பன நிறுவப்பட்டதும் ஆய்வு முற்றுப்பெற்றதாகக் கருதப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒப்பியல் மொழிநூல் ஈட்டிய பெரும்பேறு இவ்வகையானது. எனினும், சொல் எங்கிருந்து வந்தது என்பது போலவே, அது யார் வாயில், யாரைச் சுட்டி, எத்தகைய உறவின் அடிப்படையில் வழங்கியது என்பதும் வரலாற்று வினாவேயாகும். 1929 ஆம் ஆண்டு லெனின்கிராட்டில் வெளிவந்த நூலில், மொழிக்குறிகள் சமூக முரண்பாடுகள் சந்திக்கும் களமாக அமைவதை வொலோஷினோவ் எடுத்துக்காட்டினார். வேல்ஸ் எல்லைப்புறக் கிராமமொன்றிற் பிறந்த றேமண்ட் வில்லியம்ஸ் 1976 இல் வெளியிட்ட திறவுச்சொற்கள் பற்றிய நூல், ஆங்கிலச் சொற்கள் பலவற்றின் பொருள்மாற்றத்தைச் சமுதாய மாற்றத்தோடு இணைத்து நோக்கிற்று.

இந்நோக்குக்கு மிகவும் இடந்தரும் சொற்களுள், ஒரு மக்கட் கூட்டத்தார் பிறிதொரு கூட்டத்தாருக்கு இட்டு வழங்கும் பெயர்கள் முக்கியமானவை. அத்தகைய பெயர்களுள் ஒன்றே மூல ஜேர்மானிய மொழியில் 'வல்ஹஸ்' என மீட்டுருவாக்கப்பட்டுள்ள சொல். 'வேல்ஸ்' என்னும் நாட்டுப் பெயரும், பெல்ஜியத்தின் 'வலூன்' மக்களின் பெயரும், ருமேனியாவின் பழைய மாகாணமாகிய 'வலாக்கியா'வின் பெயரும் இவ்வொரே வேரிலிருந்து பிறந்தவை. ஓர் இனக்குழுவின் பெயராகத் தொடங்கிய இச்சொல் 'பிறமொழியாளர்' எனவும், 'அயலார்' எனவும், ஈற்றில் ஆங்கில மண்ணில் 'அடிமை' எனவும் பொருள்பட்டது. ஒரு நாட்டின் பழங்குடிகள் தம் மண்ணை விட்டு ஓரடியும் பெயராமலே எவ்வாறு 'அயலார்' ஆயினர் என்னும் வினாவுக்கு இச்சொல்லின் வரலாறு தரும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லின் தோற்றம்

கி.மு. முதலாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கால் நாட்டுப் போர்கள் பற்றி எழுதிய ஜூலியஸ் சீசர், 'வொல்கே' என்னும் கெல்ற்றிய இனக்குழுவைக் குறிப்பிடுகின்றார். இவர்களுள் ஒரு பிரிவினர் றைன் நதிக்குக் கிழக்கே, ஹெர்சீனியப் பெருங்காட்டை அடுத்த வளமிக்க நிலங்களைக் கைப்பற்றிக் குடியேறியிருந்தனர் என்றும், நீதியிலும் போர்த்திறத்திலும் பெரும்புகழ் பெற்றிருந்தனர் என்றும் அவர் எழுதுகின்றார். ஜேர்மானியக் குழுக்கள் நெருங்கிப் பழகிய கெல்ற்றியர் இவர்களே. இவர்களது பெயரே ஜேர்மானியரிடத்து 'வல்ஹஸ்' ஆயிற்று என்பது மொழிநூலாரிடையே பெரிதும் ஏற்கப்பட்ட கொள்கையாகும்.

இக்கொள்கைக்கு ஒலியியல் ஆதாரம் உண்டு. 1818 இல் றஸ்மஸ் றாஸ்க்கும், 1822 இல் யாக்கோப் கிறிமும் விளக்கிய ஒலித்திரிபு விதிப்படி, இந்தோ-ஐரோப்பிய 'க்' ஒலி ஜேர்மானிய மொழிகளில் 'ஹ்' ஆகும். இதனோடு குற்றொகரம் அகரமாதலும் நிகழ்ந்தது. எட்டு என்னும் எண்ணைக் குறிக்கும் இலத்தீன் 'ஒக்ரோ', கொதிக் மொழியில் 'அஹ்ரவ்' என நிற்பதில் இவ்விரு திரிபுகளையும் ஒருங்கே காணலாம். இவ்வாறே 'வொல்க்' என்பது 'வல்ஹ்' ஆயிற்று. ஆகவே இப்பெயர், அத்திரிபுகள் நிறைவுறுவதற்கு முன்னரே, அதாவது கிறிஸ்துவுக்கு முற்பட்ட கடைசி நூற்றாண்டுகளில், ஜேர்மானியர் வழக்கிற் புகுந்துவிட்டதெனக் கொள்ளல் வேண்டும்.

அக்காலத்தில் இவ்விரு கூட்டத்தாரிடையே நிலவிய உறவு எத்தகையது என்பதை வேறு சில சொற்கள் உணர்த்துகின்றன. ஜேர்மன் மொழியில் அரசு, பேரரசு எனப் பொருள்படும் 'றைஹ்' என்னும் சொல்லும், அலுவலகம், பதவி எனப் பொருள்படும் 'அம்ற்' என்னும் சொல்லும் கெல்ற்றிய மொழியிலிருந்து பெறப்பட்டவை. இரும்பைக் குறிக்கும் சொல்லும் அங்கிருந்தே வந்ததென்பர். ஆட்சி, பணி, உலோகம் ஆகிய துறைச்சொற்களை ஒரு கூட்டத்தார் அண்டை வீட்டாரிடமிருந்து பெறுவாராயின், அத்துறைகளில் அண்டை வீட்டார் முன்னேறியிருந்தனர் என்பதே பொருள். எனவே 'வல்ஹஸ்' என்னும் பெயர் தொடக்கத்தில் இழிவு குறித்ததாகாது. தம்மினும் அரசியல் வலிமையும் தொழில்நுட்பமும் மிக்க அயலவரின் பெயராகவே அது வழங்கியிருத்தல் கூடும். பிற்காலத்தில் அடிமையைக் குறிக்கவிருந்த சொல், ஆளுதலைக் குறிக்கும் சொல்லைத் தந்த மக்களின் பெயராகப் பிறந்தமை மனங்கொள்ளத்தக்கது.

2. பொருள் விரிவும் பரவலும்

ஓர் இனக்குழுவின் பெயர் விரைவில் கெல்ற்றியர் அனைவருக்கும் பொதுவாயிற்று. கால் நாடு றோமரால் வெல்லப்பட்டு, அந்நாட்டவர் இலத்தீன் பேசத் தொடங்கியபோது, சொல்லும் அம்மக்களைப் பின்தொடர்ந்தது. நேற்றுவரை கெல்ற்றியராயிருந்தோர் இன்று றோமராயினர். ஆயினும் ஜேர்மானியர் கண்ணுக்கு அவர்கள் தொடர்ந்து 'வல்ஹர்' ஆகவே இருந்தனர். இதனால் இச்சொல் கெல்ற்றிய மொழி பேசுவோரையும் இலத்தீன் பேசுவோரையும் ஒருசேரக் குறிப்பதாயிற்று.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கற்பாலது. பொதுவாக இச்சொல்லுக்கு 'அயலார்' எனப் பொருள் கூறுவர். ஆனால் ஜேர்மானியர் எல்லா அயலாரையும் இவ்வாறு அழைக்கவில்லை. கிழக்கேயிருந்த ஸ்லாவியருக்கு 'வெண்டர்' என்னும் வேறு பெயர் வழங்கிற்று. ஹூணரையும் பின்னியரையும் எவரும் 'வல்ஹர்' எனக் கூறினாரில்லை. 1955 இல் ஒக்ஸ்போட்டில் நிகழ்த்திய சொற்பொழிவொன்றில் மொழிநூலறிஞர் ஜே. ஆர். ஆர். ரொல்கீன் இதனை வலியுறுத்தினார். றோமப் பேரரசின் எல்லைக்குள் அடங்கியிருந்தோரும், இலத்தீன் அல்லது கெல்ற்றிய மொழி பேசியோருமாகிய குறிப்பிட்ட வகை அயலாரையே இச்சொல் சுட்டிற்று. இரத்தத் தொடர்பன்றி மொழியும் அரசியற் சார்புமே இப்பெயரின் அடிப்படையாயின.

ஜேர்மானியக் குடியேற்றங்களின் எல்லைகளை ஒரு வரைபடத்திற் கோடிட்டு, அக்கோட்டின் வழியே நடந்தால் இச்சொல் நம்மை விடாது தொடரும். மேற்கு எல்லையில் வலூனியா; தென்மேற்கில், பிரெஞ்சு பேசும் சுவிற்சலாந்துப் பகுதியை அந்நாட்டு ஜேர்மன் மொழியாளர் இன்றும் 'வெல்ஷ்லாந்து' என்பர். அல்ப்ஸ் மலையடிவாரத்தில் வாலன் ஏரியும் வால்கன் ஏரியும் உள. சால்ஸ்பேர்க் நகரை அடுத்து வால்ஸ், சீவால்கன், ஸ்ற்றாஸ்வால்கன் என்னும் ஊர்கள் உள. பேரரசு வீழ்ந்த பின்னரும் இலத்தீன் பேசிய குடிகள் இவ்விடங்களில் நீண்டகாலம் தொடர்ந்து வாழ்ந்தமைக்கு இப்பெயர்களே சாட்சி. வட ஐரோப்பிய நோர்ஸ் மொழியில் கால் நாடு 'வால்லாந்து' எனப்பட்டது. தெற்கிலிருந்து வந்த ஒருவகைக் கொட்டை 'வல்ஹக் கொட்டை' எனப்பட்டு, ஆங்கிலத்தில் 'வோல்நட்' ஆயிற்று.

சொல் எல்லை கடந்தும் சென்றது. ஜேர்மானியரிடமிருந்து அதனைப் பெற்ற ஸ்லாவியர் 'வ்லாக்' என வழங்கினர். போலந்து மொழியில் இத்தாலி இன்றும் 'வ்லொஹி' எனப்படுகின்றது. ஹங்கேரியர் இத்தாலியரை 'ஒலஸ்' என்றும் ருமேனியரை 'ஒலா' என்றும் ஒரே வேரின் இருவடிவங்களால் வேறுபடுத்தினர். பைசாந்தியக் கிரேக்கரும் துருக்கியரும் தத்தம் மொழிக்கேற்ப இதனைத் திரித்தனர். போல்கன் பகுதியில் இச்சொல் மொழியைக் குறிப்பதோடு நில்லாது தொழிலையும் குறிக்கலாயிற்று. மலைகளில் மந்தை மேய்த்து வாழ்ந்தோர் 'வ்லாக்'. கிரேக்க வழக்கில் அது இடையனையும் நாட்டுப்புறத்தானையும் குறிக்கும். மொழிவேற்றுமை, தொழில்வேற்றுமையாகவும் சமூகத் தரவேற்றுமையாகவும் உருமாறும் போக்கை இங்கு முதன்முறையாகக் காண்கின்றோம்.

3. 'மக்கள்' எதிர் 'வல்ஹர்'

பிறரைப் பெயரிட்டழைத்தல் தம்மைத் தாம் வரையறுத்துக்கொள்ளும் செயலுமாகும். 'டொய்ச்' என்னும் ஜேர்மனியரின் தன்பெயர் 'மக்கள்' எனப் பொருள்படும் 'தெயுடா' என்னும் பழஞ்சொல்லிலிருந்து பிறந்தது. அதன் இலத்தீன் வடிவம் முதன்முதற் காணப்படுவது 786 ஆம் ஆண்டில். இங்கிலாந்தில் நடைபெற்ற திருச்சபைக் கூட்டத்தின் தீர்மானங்கள் இலத்தீனிலும், அனைவர்க்கும் விளங்குமாறு மக்கள் மொழியிலும் வாசிக்கப்பட்டன என ஒஸ்தியா மேற்றிராணியார் ஜோர்ஜ் பாப்பரசருக்கு எழுதினார். அவர் குறிப்பிட்ட மக்கள் மொழி இங்கு ஆங்கிலமே. அஃதாவது, தொடக்கத்தில் அச்சொல் ஒரு தேசிய இனத்தைக் குறித்ததன்று. கற்றோரின் இலத்தீனுக்கு மாறாகப் பொதுமக்கள் பேசிய மொழியையே குறித்தது.

காலப்போக்கில் எல்லைப்புறங்களில் 'டொய்ச்' என்பதும் 'வெல்ஷ்' என்பதும் ஓர் எதிரிணையாயின. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்த, பவேரியாவிற் தோன்றிய சொற்கோவையொன்று இன்று காசெல் நகரிற் பேணப்படுகின்றது. பிரயாணிகளுக்கும் மாணாக்கருக்கும் பயன்படத்தக்க சிறு வாக்கியங்களும் அதிலுண்டு. அவற்றுள் ஒன்று, றோமர் மூடர் என்றும் பவேரியர் அறிவாளிகள் என்றும் கூறுகின்றது. இலத்தீனில் 'றோமர்' என்றுள்ள இடத்தில் ஜேர்மன் வடிவம் 'வல்ஹர்' என்கின்றது. உலகாண்ட பேரரசின் பெயரும் எல்லைக்கிராமத்துப் பிறமொழியாளரின் பெயரும் ஒன்றாகி, இரண்டும் ஒருங்கே ஏளனத்துக்குரியவையாதலை இச்சிறு வாக்கியம் காட்டுகின்றது. ஆட்சி கைமாறியதும் சொல்லின் நிறம் மாறிற்று.

இதன் தொடர்ச்சியைப் பிற்காலத்திலும் காணலாம். விளங்காத பேச்சு 'கவுடர்வெல்ஷ்' எனப்பட்டது. நாடோடிகள், இரவலர், கள்வர் ஆகியோரின் குழூஉக்குறி 'றொட்வெல்ஷ்' எனப் பெயர்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேர்மானியத் தேசியவாதிகள் பிரெஞ்சுக்காரருக்கு எதிராக வெறுப்பை வளர்த்தபோது, 'வெல்ஷ்' என்னும் பழஞ்சொல் மீண்டும் கூர்தீட்டப்பட்டது. போலித்தனமும் ஒழுக்கக்கேடும் 'வெல்ஷ்' எனவும், உண்மையும் உறுதியும் 'டொய்ச்' எனவும் பிரசாரஞ் செய்யப்பட்டன. 'மக்கள் மொழி' எனத் தொடங்கிய சொல் பிறரை மக்களாகக் கொள்ளாத நிலைக்கு வந்தமை இவ்வரலாற்றின் முரண்களுள் ஒன்றாகும்.

4. இங்கிலாந்தில்: அயலாரிலிருந்து அடிமைக்கு

இச்சொல்லின் பொருள் மாற்றம் மிகக் கூர்மையாகப் புலப்படுவது இங்கிலாந்திலேயாகும். ஐந்தாம் நூற்றாண்டு முதலாக வட கடலைக் கடந்து வந்து குடியேறிய ஆங்கிலரும் சக்சனியரும், அத்தீவிற் பன்னெடுங்காலம் வாழ்ந்துவந்த பிரித்தோனியரை 'வெயால்ஹ்' என அழைத்தனர். பன்மையில் 'வெயாலஸ்'. 'வேல்ஸ்' என்பது அப்பன்மையின் இன்றைய வடிவம்; 'கோண்வோல்' என்பதன் ஈற்றிலும் அதுவே நிற்கின்றது. வந்தோர் இருந்தோரை அயலாரெனப் பெயரிட்டனர். பெயரிட்டோர் வென்றமையால் பெயர் நிலைத்தது.

இப்பெயரின் சட்டவழிப் பொருளை அறிவதற்குக் கிடைக்கும் தலைசிறந்த சான்று, 688 முதல் 726 வரை வெசெக்ஸை ஆண்ட ஐனி மன்னனின் சட்டத்தொகுதியாகும். பழைய ஜேர்மானியச் சட்டங்களில் ஒவ்வொரு மனிதனின் உயிருக்கும் ஓர் ஈட்டுப்பணம் விதிக்கப்பட்டிருந்தது. ஒருவனைக் கொன்றவன் அப்பணத்தை அவனது சுற்றத்தாருக்குச் செலுத்தல் வேண்டும். ஆகவே ஈட்டுப்பணத்தின் அளவு சமூகப்படிநிலையின் துல்லியமான அளவுகோலாகும். ஐனியின் சட்டத்தில் ஆங்கிலர் 200, 600, 1200 சிலிங் என மூன்று தரத்தினராக வகுக்கப்பட்டனர். 'வெயால்ஹ்' ஆயின் கணக்கு வேறு. ஒரு குடும்பத்தைப் பேணப் போதுமான நிலமே 'ஹைட்' எனப்பட்டது. ஐந்து ஹைட் நிலமுடைய வெயால்ஹின் உயிர்விலை 600 சிலிங், ஒரு ஹைட் உடையவனது 120, அரை ஹைட் உடையவனது 80, நிலமற்றவனது 60. அதே சட்டத்தில் அடிமையொருவனுக்கு விதிக்கப்பட்ட விலையும் 60. சில நிலைகளில் 50.

இவ்வெண்கள் இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றன. ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் 'வெயால்ஹ்' என்பதற்கு அடிமை என்பது பொருளன்று. நிலமுடையோரும், இறை செலுத்துவோரும், மன்னனின் தூதராகக் குதிரையேறிச் செல்வோரும் அப்பெயரால் குறிப்பிடப்படுகின்றனர். குதிரைத் தூதனுக்கு 200 சிலிங் வரை மதிப்பு உண்டு. இது ஒன்று. நிலமற்ற சாதாரண ஆங்கிலக் குடிமகனின் உயிர் 200 சிலிங் பெற, நிலமற்ற வெயால்ஹின் உயிர் அடிமையின் விலைக்கு இறங்கிவிடுகின்றது. இது மற்றொன்று. பெயரளவிற் சுதந்திரனாயினும் சட்டத்தின் கணிப்பில் அவனுக்கும் அடிமைக்கும் இடைவெளி இல்லை. இனப்பெயர் வர்க்கப்பெயராக மாறுவதற்கான பாதை இவ்வாறே இடப்பட்டது.

பிற்கால மேற்குச் சக்சனிய எழுத்துக்களில் அம்மாற்றம் நிறைவுறுகின்றது. அங்கு 'வெயால்ஹ்' என்பது இனம் சாராது அடிமையெனவே பலகால் பொருள்படுகின்றது. அவ்வேரிலிருந்து பிறந்த பெண்பாற் சொல் 'அடிமைப் பெண்' என்னும் பொருளிலேயே பெரிதும் வழங்கிற்று. 1975 இல் மாகிறற் ஃபோல் இச்சொல்லின் பொருள் வளர்ச்சியை விரிவாக ஆராய்ந்து, அடிமை என்னும் பொருள் பிற்பட்டது என்பதையும், அது பெரும்பாலும் மேற்குச் சக்சனிய வழக்கிற்குரியது என்பதையும் எடுத்துக்காட்டினார். ஆல்பிரட் மன்னன் ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐனியின் சட்டங்களைத் தன் தொகுதியின் பின்னிணைப்பாகப் பேணினான். ஆனால் அவன் தானே இயற்றிய பகுதியில் வெயால்ஹுக்குத் தனிப்பிரிவு இல்லை. வெசெக்ஸில் வாழ்ந்த பிரித்தோனியர் அதற்கிடையில் மொழியால் ஆங்கிலராகிவிட்டனர் போலும். மக்கள் கரைந்தனர், அவர்களுள் தாழ்த்தப்பட்டோரின் நிலையைக் குறித்த சொல் மட்டும் எஞ்சிற்று. 1086 ஆம் ஆண்டு டூம்ஸ்டே பதிவேட்டிலே பதியப்பட்டோருள் ஏறத்தாழப் பத்திலொரு பங்கினர் அடிமைகள் என்பதும், அவர்கள் மேற்கு மாவட்டங்களில் மிகுந்திருந்தனர் என்பதும் இதனோடு ஒப்பிடற்பாலன.

இத்தகைய மாற்றம் இங்கிலாந்துக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்தில் அடிமையைக் குறிக்கும் 'ஸ்லேவ்' என்னும் சொல்லும் அதன் ஐரோப்பிய இனச்சொற்களும் 'ஸ்லாவியர்' என்னும் இனப்பெயரிலிருந்தே தோன்றின. கிழக்கைரோப்பாவிலிருந்து ஸ்லாவியர் பெருந்தொகையாகப் பிடிக்கப்பட்டு விற்கப்பட்ட இடைக்காலத்திலே அப்பெயர் விலைப்பொருளின் பெயராயிற்று. இனப்பெயரை அடிமைப்பெயராக்கியது உழைப்பைக் கொள்ளையிட்ட பொருளாதார உறவேயன்றி, அவ்வினத்தாரின் இயல்பன்று.

5. அழிவா, கலப்பா?

இச்சொல்லை வைத்து வரலாற்றாசிரியர் பெரும் விவாதம் நடத்தியுள்ளனர். ஈ. ஏ. ஃபிறீமன் முதலிய விக்டோரியா காலத்து ஆசிரியர், பிரித்தோனியர் கொன்றொழிக்கப்பட்டனர் அல்லது மேற்கு மலைகளுக்குத் துரத்தப்பட்டனர் என்றும், எனவே ஆங்கிலர் கலப்பற்ற ஜேர்மானியர் என்றும் வாதிட்டனர். பேரரசொன்றின் உச்சத்தில் நின்ற ஒரு வர்க்கத்துக்குத் தூய மூதாதையர் தேவைப்பட்டமை வியப்பன்று. ஆனால் ஐனியின் சட்டமே இக்கருத்தை மறுக்கின்றது. கொன்றொழிக்கப்பட்டோருக்கு ஈட்டுப்பணம் விதிக்க வேண்டிய தேவையில்லை.

ஆட்பெயர்களும் கலப்பையே காட்டுகின்றன. வெசெக்ஸ் அரசகுலத்தின் முதல்வன் எனப்படும் செர்டிக் என்பானின் பெயர் பிரித்தோனிய மொழிப் பெயர். ஏழாம் நூற்றாண்டில் அந்நாட்டை ஆண்ட கென்வால்ஹ் மன்னனின் பெயரில் 'வால்ஹ்' என்பதே ஓர் உறுப்பு. மொழிபெயர்ப்பாளனைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் 'வெயால்ஹ்ஸ்ரொட்' என்பதாகும். இதனையே பெயராகக் கொண்ட மேற்றிராணியார் ஒருவர் செவேர்ன் நதிக்கு அப்பால் பணியாற்றியதை 731 இல் தம் வரலாற்றை நிறைவுசெய்த பீட் அடிகள் குறிப்பிடுகின்றார். பகையும் அடிமையும் மட்டுமே நிலவிய எல்லையில் மொழிபெயர்ப்பாளனுக்கு மதிப்பிராது. இருமொழி வல்லோர் வாழ்ந்த, பேச்சும் பேரமும் திருமணமும் நிகழ்ந்த எல்லையாக அது இருந்தது என்பதையே இச்சொல் உணர்த்துகின்றது.

அண்மைக்கால உயிரியல் ஆய்வுகளும் இவ்விவாதத்திற் புகுந்துள்ளன. 2006 இல் வெளிவந்த ஆய்வொன்று, ஐனியின் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு, ஆங்கிலரும் பிரித்தோனியரும் மணவுறவு கொள்ளாது பிரித்துவைக்கப்பட்ட ஒரு சமுதாய அமைப்பு நிலவியதென வாதிட்டது. 2008 இல் இக்கருத்து வன்மையாக மறுக்கப்பட்டது. 2022 இல் வெளிவந்த விரிவான ஆய்வு, இங்கிலாந்திலிருந்து கிடைத்த 278 பேரின் எலும்புகள் உட்பட 460 பேரின் மரபணுக்களை ஆராய்ந்தது. கிழக்கு, தெற்கு இங்கிலாந்தில் அக்காலத்து மக்களின் மரபுரிமையில் 76 சதவீதம் வரை வடகடலுக்கு அப்பாலிருந்து வந்ததென அது கண்டது. குடியேற்றம் பெரியது என்பது இதனாற் பெறப்படும். அதேவேளை, வந்தோரும் இருந்தோரும் கலந்தமையும், ஒரே இடுகாட்டிற் புதைக்கப்பட்டமையும் புலனாயின. படைக்கலத்தோடு அடக்கஞ் செய்யப்பட்ட ஆண்களிடையே இரு மரபினரும் வேறுபாடின்றிக் காணப்பட்டனர். பெண்களின் கல்லறைகளிலோ, வந்தோர் மரபினருக்கே அணிகலன்கள் மிகுதியாக இருந்தன. முழு அழிவு என்னும் கொள்கையும் முரணற்ற கலப்பு என்னும் கொள்கையும் ஒருங்கே தகர்கின்றன. கலப்பு நிகழ்ந்தது, ஆனால் சமமின்மையின் கீழ் நிகழ்ந்தது. 'வெயால்ஹ்' என்னும் சொல்லின் இருமுகங்களும் இதற்கு இசைவானவையே.

6. தாமிட்ட பெயர்

'அயலார்' எனப்பட்டோர் தம்மை எவ்வாறு அழைத்தனர்? வேல்ஸ் மக்களின் தன்பெயர் 'கம்றி'. இது 'ஒரே நாட்டில் உடனுறைவோர்' எனப் பொருள்படும் 'கொம்ப்ரொகி' என்னும் பழைய பிரித்தோனியச் சொல்லிலிருந்து வந்தது. வட இங்கிலாந்தின் கம்பிரியாவும் இப்பெயரையே தாங்கி நிற்கின்றது. ஒரு மக்களுக்கு வழங்கிய இரு பெயர்களுள் ஒன்று அயலாரென்றும் மற்றொன்று ஒருநாட்டவரென்றும் பொருள்படுதல் தற்செயலன்று. நிலம் யாருடையது என்னும் வழக்கில் இருதரப்பாரும் அளித்த வாக்குமூலங்களே இவ்விரு பெயர்கள்.

இவ்வழக்கு இடைக்காலத்தோடு முடியவில்லை. 1282-83 இல் முதலாம் எட்வேட் வேல்ஸை வென்றான். 1400 இல் ஓவைன் கிளிண்டூர் தலைமையிற் கிளர்ச்சி மூண்டபோது, அடுத்துவந்த ஆண்டுகளில் இயற்றப்பட்ட தண்டச் சட்டங்கள், வெல்ஷ் மக்கள் ஆங்கில நகரங்களில் நிலம் வாங்குவதையும், பதவி வகிப்பதையும், ஆயுதந் தாங்குவதையும் தடைசெய்தன. வெல்ஷ் பெண்ணை மணந்த ஆங்கிலனும் பதவியிழந்தான். இச்சட்டங்கள் 1624 வரை முறையாக நீக்கப்படவில்லை. 1536 ஆம் ஆண்டின் இணைப்புச் சட்டம், வெல்ஷ் மொழி அரசின் இயல்பான தாய்மொழிக்கு ஒவ்வாதது எனக் கூறி, நீதிமன்றங்களில் ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கி, வெல்ஷ் பேசுவோருக்குப் பதவிகளை மறுத்தது. ஆங்கிலம் அத்தீவை எட்டுவதற்கு முன்னரே அங்கு வழங்கிய மொழியின் வழித்தோன்றல், சட்டத்தின் வாயில் அயன்மொழியாயிற்று. ஐனியின் காலத்தில் மனிதனுக்கு விதிக்கப்பட்ட விலை இப்போது மொழிக்கு விதிக்கப்பட்டது எனலாம்.

1847 இல் வேல்ஸின் கல்வி பற்றி வெளியான அரச அறிக்கையைத் தயாரித்த மூவரும் வெல்ஷ் அறியாதோர். மக்களின் பின்னடைவுக்கும் ஒழுக்கக் குறைவுக்கும் அவர்தம் மொழியையும் அவர்கள் காரணமாகக் காட்டினர். பாடசாலையில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டைத் தொங்கவிடும் வழக்கமும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருந்தது. 1911 இல் மக்களுள் 43.5 சதவீதத்தினர் வெல்ஷ் பேசினர். 1961 இல் அது 26 சதவீதமாகக் குறைந்தது. 1962 இல் மொழியின் விதி பற்றி சோண்டர்ஸ் லூயிஸ் ஆற்றிய வானொலி உரையை அடுத்து வெல்ஷ் மொழிச் சங்கம் தோன்றிற்று. இளைஞர் பலர் சிறை சென்றனர். 1967, 1993, 2011 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்கள் படிப்படியாக மொழிக்கு உரிமை வழங்கின. 1536 இன் மொழித்தடை வாசகங்கள் முறையாக நீக்கப்பட்டது 1993 இல் எனில், ஒரு சொல்லில் உறைந்த உறவு எத்துணை நீண்டகாலம் வாழும் என்பது விளங்கும். 2021 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி வெல்ஷ் பேசுவோர் 17.8 சதவீதத்தினர்.

'வல்ஹர்' எனப்பட்ட பிற மக்களும் இவ்வழியே சென்றனர். பிறர் வலாக்கியா என்ற நாட்டை அந்நாட்டவர் 'றோமானிய நாடு' என்றே தம் மொழியில் வழங்கினர். 1859 இல் மொல்தாவியாவும் வலாக்கியாவும் ஒரே தலைவரைத் தெரிவுசெய்து இணைந்தபின், புதிய அரசு ருமேனியா என்னும் பெயரை ஏற்றது. தேசிய இயக்கங்கள் பெயர்களைப் பற்றி இவ்வளவு கருத்தூன்றுவதை வெறும் உணர்ச்சிவயம் எனத் தள்ளுதல் தவறாகும்.

இவ்விடத்து முற்போக்காளர் தம்மையும் நோக்கிக்கொள்ளல் வேண்டும். 1849 இல் ஹங்கேரியப் போராட்டம் பற்றி எழுதிய இளம் ஏங்கல்ஸ், ஸ்கொட்லாந்தின் கேலியர், பிரித்தானியின் பிரெத்தோனியர், பாஸ்க் மக்கள் ஆகியோரை வரலாற்றால் நசுக்கப்பட்ட எச்சங்கள் என்றும், எதிர்ப்புரட்சியின் கருவிகள் என்றும் கருதினார். அவரே 1884 இல் குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம் பற்றி எழுதியபோது, வேல்ஸின் பழஞ்சட்டங்களை மனிதகுல வரலாற்றின் அரிய சான்றுகளாகக் கையாண்டார். முன்னைய நிலைப்பாடு, வென்றோரின் பெயரிடலை வரலாற்றின் தீர்ப்பென மயங்கியதன் விளைவாகும். பொருளாதார வளர்ச்சியில் முந்திய இனத்தின் கண்ணால் ஏனைய இனங்களைக் காணும் இம்மயக்கம் ஏங்கல்ஸோடு ஒழிந்ததாகக் கூறமுடியாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். 'வல்ஹஸ்' என்னும் சொல் எந்தவொரு மக்களின் இயல்பையும் எக்காலத்தும் விளக்கியதில்லை. கெல்ற்றியர் வலிமையுற்றிருந்த காலத்தில் அது ஓர் அண்டை இனக்குழுவின் பெயர். றோமப் பேரரசின் காலத்தில் பிறமொழிக் குடிகளின் பெயர். பேரரசு வீழ்ந்தபின் ஏளனப் பெயர். நிலமும் உழைப்பும் பறிக்கப்பட்ட இடத்தில் அடிமையின் பெயர். சுட்டப்பட்டோர் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தனர். மாறியது சுட்டியோருக்கும் அவர்களுக்கும் இடையிலான உறவு. எனவே இனப்பெயர்களைக் கொண்டு இனத்தூய்மையையோ இனத்தின் தாழ்வுயர்வையோ நிறுவ முற்படுவது ஆய்வுநெறியன்று. ஒரு மக்களை 'அயலார்' என ஓர் ஆவணம் குறிப்பிடுமாயின், அவர்கள் எங்கிருந்து வந்தனர் என வினவுவதற்கு முன்னர், அவ்வாவணத்தை எழுதியோர் யார், அந்நிலம் அப்போது யார் கையிலிருந்தது என வினவுதல் வரலாற்று மாணாக்கரின் கடனாகும்.